பனிச்சி தரையைக் கலைத்த நாள்

அந்தக் காலத்தில், கிழமைகளுக்குப் பெயர் வைக்க ஆள் பிறக்காத காலத்தில், கல் பேசும், பனி பேசும், காற்றோ வாயே மூடாது. வெளியே வானம் என்று ஒன்று இருப்பது மட்டும் யாருக்கும் தெரியாது. நடுவில் பரிதி புதிதாகப் பற்றிக்கொண்டு எரிந்தான். அவனைச் சுற்றிக் காற்றும் தூசியும், சூடான கல்லில் தேய்த்துவிட்ட தோசை மாவு போலத் தட்டையாகப் பரந்து சுழன்றன. எல்லோரும் பிறந்தது அந்தச் சுழலுக்குள். குடியிருந்ததும் அதற்குள்தான். எந்தப் பக்கம் பார்த்தாலும் செம்மண் கரைத்த தண்ணீர் போல ஒரு மூட்டம். அடுத்த வீடுகூட நிழலாகத்தான் தெரியும்.

அங்கே வீடு வேறு, ஆள் வேறு கிடையாது. ஒருவரின் தரைதான் அவருடைய உடம்பு. தரை வளர்ந்தால் ஆள் வளர்ந்தார் என்று அர்த்தம்.

பரிதிக்குப் பக்கத்தில் சூடு தாங்காது. பனி அங்கே ஒரு கணம்கூட நிற்காமல் ஆவியாகி வெளியே ஓடும். ஓடி ஓடி, சூடு ஆறுகிற ஓர் இடத்தில் திரும்பவும் உறைந்து உதிரும். அந்த இடத்துக்குப் பனிக்கோடு என்று பெயர். கோட்டுக்கு உட்புறம் நான்கு சின்னவர்கள் வெறும் கல்லைக் கொண்டு வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். பாதிக்கு மேல் எழும்பவில்லை. கோட்டைத் தாண்டியதும் முதல் வீடு பனிச்சியுடையது. அவளுக்குக் கல்லும் கிடைத்தது, பனியும் வந்து கொட்டியது. நாலு சின்னவர்களையும் அள்ளி அவள் தரையில் வைத்தால் ஒரு மூலைக்குக் காணாது.

அந்த ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு வீட்டுக்கு வருகிறவர் கையில் ஒரு பிடி தூசியோ பனியோ கொண்டுவருவார். வாசலில் அதைப் போட்டு அழுத்திவிட்டு உள்ளே வருவார். தரை அந்த அளவுக்கு உயரும். வந்தவரை உட்காரவைத்த பிறகுதான் பெயர் கேட்க வேண்டும். ஒரு கேள்வியை மட்டும் எந்த நாளும் கேட்கக் கூடாது. ‘பின்னால் இன்னும் எத்தனை பேர்?’ அதைக் கேட்டுவிட்டால் வந்துகொண்டிருப்பவர்கள் வந்த வழியே திரும்பிவிடுவார்கள். அதற்குப் பிறகு அந்த ஊரார் யாரும் அந்த வீட்டை எட்டிப் பார்க்க மாட்டார்கள். அப்படி வாய் தவறிக் கேட்டுவிட்ட கற்கள் சில, ஒரு பிடிகூட வளராமல் மூட்டத்துக்குள் முனகிக்கொண்டு திரிந்தன. பனிச்சி அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் உதட்டை இறுக்கி மூடிக்கொள்வாள்.

அவளுக்குத் தன் தரை என்றால் உயிர். பரிதி ஒருநாள் சொன்ன வார்த்தைதான் அதற்குக் காரணம். பற்றிய புதிதில், குஷியாக இருந்த ஒரு பொழுதில், எல்லோருக்கும் கேட்கும்படி அவன் சொன்னான். “தரையைக் கெட்டியா வச்சிருங்க. ரொம்ப காலம் கழிச்சு, கெட்டித் தரை உள்ளவங்க மேல யாராவது நடப்பாங்க.”

நடப்பது என்றால் என்னவென்று அப்போது யாருக்குத் தெரியும்? கைகள் இருந்தன, கால்கள் இல்லை. எல்லோரும் மிதந்து வந்தார்கள், விழுந்து சேர்ந்தார்கள். ஆனாலும் அந்தச் சொல் பனிச்சிக்குள் எங்கோ போய் உட்கார்ந்துகொண்டது. தன் மேல் ஒரு மெல்லிய எடை வந்து விழுவதாகவும், எடுபட்டு, சற்றுத் தள்ளி மறுபடி விழுவதாகவும் அவள் நினைத்துப் பார்ப்பாள். நினைத்தாலே தரையெல்லாம் சிலிர்க்கும். மேட்டைத் தட்டுவாள், பள்ளத்தை நிரப்புவாள், விரிசலில் பனியைப் பூசி மெழுகுவாள்.

அவளுக்கு வெளிப்புறத்து அடுத்த வீட்டுக்காரன் மந்தன். எதையும் நிதானமாகச் செய்கிறவன். அவன் தரை அவளுடையதில் பாதிகூட வரவில்லை.

“அக்கா, இவ்வளவு மெழுகாதே. வர்றவங்க வழுக்கி விழுந்துரப் போறாங்க” என்பான்.

“உன் வீட்டுக்கு வந்தா புழுதியிலயே புதைஞ்சிருவாங்க. நீ பேசாதே” என்பாள்.

அப்படி இருக்கையில் ஒருநாள் நெடுவாலி வந்தாள். அவள் ஒரு பனிக்கட்டி. வீடு வாசல் என்று எதுவும் இல்லாமல், பரிதியின் பக்கம் போவதும் வெளியே ஓடுவதுமாக இருப்பவள். ஊர்ச் செய்தி முழுக்க அவள் வாயில் இருக்கும்.

“அடியே பனிச்சி, சேதி கேட்டியா? பரிதி மூச்சை இழுத்து அடக்கிக்கிட்டிருக்கான். கன்னம் ரெண்டும் உப்பிக் கிடக்கு. இப்பவே லேசா கசியுது. என் வாலைப் பாரு, எந்தப் பக்கம் பறக்குதுன்னு. விட்டான்னு வை, இந்த மூட்டம் மொத்தமும் காலி.”

“காலின்னா? எங்க போகும்?”

“எங்கயுமில்லாத இடத்துக்கு. அங்க ஒருத்தர் கை இன்னொருத்தர் மேல படவே யுகம் யுகமா ஆகுமாம். கல்லுக்குக் கனம் இருக்கு, நின்னுக்கும். இந்தக் காத்துச் சனங்களுக்குத்தான் கதி இல்லே.”

சொல்லிவிட்டு அவள் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள். பனிச்சிக்கு மெழுகு வேலையில் மனம் ஓடவில்லை.

காற்று மக்களில் இரண்டு வகை உண்டு. பெரும்பாலானவர்கள் ஜோடிகள். பிறந்தது முதல் கையோடு கை கோத்தவர்கள், ஒரு கணம்கூட விட்டதில்லை. கொஞ்சம் பேர் ஒண்டிகள். அவர்கள் யார் கையையும் பிடிக்க மாட்டார்கள். சேதி பரவியதும் அத்தனை பேரும் முதலில் நான்கு சின்னவர்களிடம்தான் ஓடினார்கள். சின்னவர்கள் கையை விரித்தார்கள். “எங்களுக்குக் கனம் போதாதுங்க. இப்ப உள்ள விட்டாலும், அவன் ஊதும்போது உங்களைப் பிடிச்சு நிறுத்த முடியாது.” மூன்றாவது சின்னவள் மட்டும் வாசல் வரை வந்து, “கோட்டைத் தாண்டிப் போங்க. அங்க பனிச்சின்னு ஒருத்தி இருக்கா” என்று வழி சொன்னாள்.

முதலில் வந்து சேர்ந்தவர்கள் காத்தானும் காத்தாயியும். வாசலில் தயங்கி நின்றார்கள்.

“உள்ள வாங்க” என்றாள் பனிச்சி.

“அக்கா, வெறுங்கையோட வந்திருக்கோம்” என்றான் காத்தான். அவனுக்குத் தலை நிமிரவில்லை. “எங்ககிட்ட ஒரு பிடி தூசி கிடையாது. இருக்கிறது எங்க ரெண்டு பேரோட உடம்புதான். அதுவும் எடைக்கு ஆகாது.”

அந்த வாசலுக்கு வெறுங்கையோடு யாரும் வந்ததில்லை. பனிச்சி ஒரு கணம் யோசித்தாள். பிறகு, “உக்காருங்க முதல்ல. பேர் என்ன?” என்றாள்.

அவர்கள் உட்கார்ந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் இன்னொரு ஜோடி நின்றது. அதற்குப் பின்னால் பத்து. பத்துக்குப் பின்னால் மூட்டமே எழுந்து வருவது போல ஒரு கூட்டம். பனிச்சி எல்லோரையும் வாங்க என்றாள், எல்லோரையும் உட்காரவைத்துப் பெயர் கேட்டாள். நடுவே ஒரு ஒண்டி, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தான். பெயர் ஒண்டியப்பன்.

“தாயி, எனக்கு ஓரமா ஒரு இடம் போதும். இந்த ஜோடிக் கும்பல்ல மட்டும் சேக்காதே. யாரோடயும் ஒட்டமாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்.”

“ஒட்ட வேண்டாம். நகர்ந்து உக்காருங்க, பின்னால ஆள் நிக்குது.”

“நகரச் சொல்றா பாரு” என்று முனகிக்கொண்டே நகர்ந்தான்.

தரை ஒரு மயிரிழைகூட உயரவில்லை. ஆனால் கனம் ஏறியது. இது பனிச்சி எதிர்பாராதது. எடைக்கு ஆகாதவர்கள் என்று சொல்லிக்கொண்டவர்கள் கோடானுகோடியாகச் சேர்ந்தபோது, அவள் அதுவரை அறியாத ஒரு கனம் அவளுக்கு வந்தது. கனம் ஏற ஏற அவளுடைய இழுப்பு ஏறியது. இழுப்பு ஏறியதும், வர நினைக்காதவர்கள்கூட அவள் பக்கம் சரிந்து வந்து விழுந்தார்கள். முன்பு ஒரு ஜோடி வந்த நேரத்தில் இப்போது ஒரு ஊரே வந்தது. வாசல் என்று ஒன்று இல்லாமல் போயிற்று. நாலு பக்கமும் வாசல்தான். அவளுக்கும் சின்னவர்களுக்கும் நடுவில் ஒரு வீடு எழும்பிக்கொண்டிருந்தது. பனிச்சியின் இழுப்பு அதை உலுக்கிய உலுக்கலில், சேர இருந்த கற்கள் ஒன்றோடொன்று மோதிச் சிதறிப் போயின. அந்த வீடு பிறகு கட்டப்படவே இல்லை. அவள் அதை வேண்டுமென்று செய்யவில்லை. ஆனாலும் அவள் செய்ததுதான்.

முதலில் வந்தவர்கள் அடியில் இருந்தார்கள். அவர்கள் மேல் அடுத்தவர்கள், அவர்கள் மேல் அடுத்தவர்கள். நசுக்கம் கூடக் கூட அடியில் சூடு பிறந்தது. பரிதியின் சூடு அல்ல, அவளுடைய சொந்தக் கனத்தின் சூடு. மெழுகி வைத்த பனித் தரை வியர்த்தது.

அதே நேரத்தில் வெகு தூரத்தில், பரிதி இருந்த திசையில், ஒரு சத்தம் எழுந்தது. அடக்கிய மூச்சு பல்லிடுக்கில் சீறுகிற சத்தம். மூட்டத்தின் உள்விளிம்பு கிழிய ஆரம்பித்தது.

“அக்கா!” என்று மந்தன் கத்தினான். எதற்கும் அவசரப்படாதவன் கத்தியதைப் பனிச்சி அன்றுதான் கேட்டாள். “போதும்க்கா! தரை கரையுது, எனக்கு இங்கிருந்து தெரியுது! வந்த வரைக்கும் வச்சுக்கோ, மீதியை நிறுத்து!”

“எப்படிடா நிறுத்துறது? நான் இழுக்கலே. அதுவா வருது.”

“கேள்வியைக் கேளு! எத்தனை பேர்னு ஒரு வார்த்தை கேளு. அப்படியே நின்னுருவாங்க. உன் தரை உனக்கு மிஞ்சும்.”

அவன் சொன்னது உண்மை. அந்த ஒரு வார்த்தைக்கு அந்த ஊரில் அவ்வளவு பலம் இருந்தது. கேட்டால் கூட்டம் நின்றுவிடும். தரையும் தப்பிக்கும். என்றைக்கோ வரப்போகிறவர்கள் வந்து நடப்பார்கள். கேட்காவிட்டால் அவள் பரிதியின் வாக்கை மறந்துவிட வேண்டியதுதான்.

பனிச்சி வாயைத் திறந்தாள்.

அவள் வாய் திறந்ததைப் பார்த்து வெளியே இருந்த கூட்டம் அத்தனையும் ஒடுங்கி நின்றது. என்ன கேட்கப்போகிறாள் என்று அவர்களுக்குத் தெரியும். ஒருவர்கூடக் கெஞ்சவில்லை. அவர்களுக்குப் பின்னால் மூட்டம் கிழிந்துகொண்டே வந்தது. எதிரில் மிக அருகே நின்ற ஒரு ஜோடி, கேட்கும் முன்பே திரும்பிப் போய்விடுவதுதான் மரியாதை என்று நினைத்தோ என்னவோ, கைகோத்தபடி மெல்லத் திரும்பியது.

“நில்லுங்க” என்றாள் பனிச்சி. “பேர் சொல்லாம எங்க போறீங்க?”

அவர்கள் பெயரைச் சொன்னார்கள். மூட்டம் கிழிகிற சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை, பனிச்சிக்கு மட்டும் கேட்டது.

அடுத்து அவள் செய்ததை அதற்கு முன் யாரும் செய்ததில்லை. அடியில், தரையோடு தரையாக நசுங்கிக் கிடந்த காத்தாயியிடம் குனிந்து, “இடம் போதலைதானே?” என்று கேட்டாள்.

“மூச்சு முட்டுதுக்கா. கீழ இறங்க வழியில்லே. தரை இருக்கே.”

“தரைதானே” என்றாள் பனிச்சி.

தன் கையாலேயே முதல் கல்லைப் பெயர்த்தாள். எத்தனையோ காலமாக மெழுகிய பனியை விரலால் கீறினாள். கீறிய இடத்தில் காற்று மக்கள் இறங்கினார்கள், இறங்கிய இடத்தில் பனி கரைந்தது, கரைந்த பனி அவர்களோடு கலந்தது. பிறகு அடுத்த கல். அதற்கடுத்த கல். ஒவ்வொரு கல்லையும் அவளுக்குத் தெரியும், எந்த நாள் யார் கொண்டுவந்த பிடி என்று தெரியும். வலித்தது. உடம்பல்லவா. ஆனால் இடம் பிறந்தது. மேலிருந்தவர்கள் சரிந்து இறங்க, வெளியே இருந்தவர்கள் உள்ளே விழுந்தார்கள்.

இன்னும் ஆழத்தில் வேறொரு சங்கடம் வந்தது. அங்கே நசுக்கம் பொறுக்க முடியாதது. கைகோத்த ஜோடியாக இருந்தால் அந்த இடுக்கில் நுழைய முடியவில்லை.

“கையை விடுங்க” என்றாள் பனிச்சி.

காத்தாயி காத்தானின் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். “விட்டா இவர் தொலைஞ்சு போயிருவார்க்கா. நாங்க விட்டதே இல்லே.”

“ஏய், விட்டுப் பாப்போமே” என்றான் காத்தான். “தொலைஞ்சா உள்ளதானே தொலைவோம். வெளிய இல்லியே.”

அவர்கள் கையை விட்டார்கள். விட்ட கணத்தில் காத்தாயியின் கை இன்னொரு கையைத் தொட்டது. அதை விட்டால் இன்னொன்று. நீட்டிய பக்கமெல்லாம் கை. அவர்களைப் பார்த்து மற்றவர்களும் விட்டார்கள். ஜோடி என்பது போய், எல்லோரும் எல்லோருக்கும் கை கொடுத்தபடி ஒரே பெருக்காய் ஓட ஆரம்பித்தார்கள். உருக்கிய உலோகம் போல அந்தப் பெருக்கு மின்னியது. எடைக்கு ஆகாத காற்று, உலோகமாகி ஓடியது. ஓடிய ஓட்டத்தில் காந்தம் போல ஒரு விசை பிறந்து பனிச்சியைத் தாண்டி, வெகு தூரம் வரை வெளியில் விரிந்து நின்றது. அவளுடைய இரண்டு முனைகளிலும் ஒளி வளையம் வளையமாக எரிந்தது. மந்தன் கத்துவதை மறந்து பார்த்துக்கொண்டிருந்தான். “அக்கா” என்று ஒருமுறை சொன்னான்.

ஒண்டிகளை மட்டும் அந்தப் பெருக்கு ஏற்கவில்லை, அவர்களும் அதை ஏற்கவில்லை. பெருக்கு ஒதுக்கித் தள்ள, வேறு போக்கிடம் இல்லாமல் ஒண்டியும் ஒண்டியும் ஒட்டித் துளியானார்கள். துளிகள் ஆழத்தைப் பார்த்து மழையாக விழத் தொடங்கின.

“ஒட்டமாட்டேன்னு சொன்னேனே!” என்று ஒண்டியப்பன் கத்திக்கொண்டே விழுந்தான்.

“யாரு ஒட்டச் சொன்னா? நீங்களா ஒட்டிக்கிட்டீங்க” என்றாள் பனிச்சி. அந்த வலியிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

அப்போது பரிதி மூச்சை விட்டான்.

அது ஒரே ஊதல். நான்கு சின்னவர்களின் மேல் ஒட்டியிருந்த கொஞ்சநஞ்சக் காற்றும் பறந்தது. மூட்டம் நுனி முதல் அடி வரை கிழிந்து சுருண்டு, பனிச்சியை மோதிக் கடந்து, மந்தனைக் கடந்து வெளியே ஓடியது. மந்தனும் கடைசி நேரத்தில் தன்னால் முடிந்தவர்களைக் கூப்பிட்டு உள்ளே வைத்துக்கொண்டான். அவனுக்கும் அப்பால் இருந்த இரண்டு தூரத்து வீட்டுக்காரர்களுக்குச் சேதியே பிந்திப் போனது. கைக்கு எட்டிய கொஞ்சம் பேரைத்தான் அவர்களால் பிடிக்க முடிந்தது. மீதிப்பேர் போனார்கள். பனிச்சியின் மேலும் காற்று அடித்தது. அவளிடமிருந்து ஒருவர்கூடப் போகவில்லை.

பிறகு சத்தம் நின்றது.

பனிச்சி மெல்ல நிமிர்ந்து பார்த்தாள். மூட்டம் இருந்த இடத்தில் எதுவும் இல்லை. கறுப்பாக, அடியே தெரியாத ஆழமாக ஏதோ ஒன்று நாலு புறமும் திறந்து கிடந்தது. அந்தக் கறுப்பு முழுக்கப் புள்ளி புள்ளியாகத் தீ. முதலில் அவளுக்குப் புரியவில்லை. பிறகுதான் தெரிந்தது, ஒவ்வொரு புள்ளியும் ஒரு பரிதி. பிறந்தது முதல் சுவர் என்று நினைத்திருந்தது வெறும் மூட்டம்தான். அதற்கு வெளியே இவ்வளவும் இருந்திருக்கிறது.

“காத்தாயி, பாத்தியா?” என்றாள்.

பதில் எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியவில்லை. அடியிலிருந்தும் மேலிருந்தும், அவள் உடம்பு என்று எதை நினைத்தாளோ அதற்குள்ளிருந்தும் சேர்ந்து வந்தது. “பாத்தோம்க்கா.”

அவள் தன் தரையைத் தேடிப் பார்த்தாள். கல் இருந்தது, பனி இருந்தது, ஒரு பிடிகூடக் குறையவில்லை. ஆனால் கெட்டியாக ஓரிடத்தில் இல்லை. காற்று மக்களோடு கரைந்து பாதி உடம்பு வரை பரவிக் கிடந்தது. திரட்டிச் சேர்க்கலாமா என்று கையை உள்ளே விட்டுப் பார்த்தாள். கையில் வந்ததெல்லாம் அவர்களும் அவளுமாகவே வந்தது. மந்தன் இதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். அவன் கிண்டல் செய்யவில்லை.

காலம் ஓடியது. மூன்றாவது சின்னவளின் தரையில் தண்ணீர் நின்றது, பச்சை படர்ந்தது, கால்கள் முளைத்தன. அந்தக் கால்களுக்கு உரியவர்கள் அண்ணாந்து பார்த்து, பனிச்சிக்கு வியாழன் என்று பெயர் வைத்தார்கள், மந்தனைச் சனி என்றார்கள். இருவர் பெயரிலும் வாரத்தில் ஆளுக்கொரு நாளை விட்டார்கள். வியாழனை ஆண் என்று வேறு எண்ணிக்கொண்டார்கள். அவளுக்கு அதில் வருத்தம் ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. பிறகு அவர்கள் ஒரு கலம் செய்து அனுப்பினார்கள். அதற்கு இறங்க இடம் கிடையாது. அவள் மேகத்தை உரசுவது போல அருகே வந்து, அவள் இழுப்பு எங்கே ஒரு நூலளவு கூடுகிறது, எங்கே குறைகிறது என்று கவனித்துக்கொண்டே சுற்றிச் சுற்றி வந்தது. நடு வயிற்றில் இறுகிய கல் உருண்டை ஒன்று இருக்கும் என்றுதான் பலரும் நினைத்திருந்தார்கள். கலம் சொன்ன கணக்கு அப்படி இல்லை. கல்லும் பனியும் விளிம்பே இல்லாமல் வெகு தூரத்துக்குக் கரைந்து பரவியிருப்பதாக அது சொன்னது. அனுப்பியவர்கள் திகைத்துப்போய் மறுபடி மறுபடி போட்டுப் பார்த்தார்கள். அப்படியேதான் வந்தது.

பனிச்சி முதல் கல்லைப் பெயர்த்த அன்று முதல்தான் வியாழனுக்குத் தரை இல்லை. மேகத்தில் தொடங்கி உள்ளே போகப் போகக் காற்று கனக்கிறது, கொதிக்கிறது, உலோகமாகி ஓடுகிறது, ஆழத்தில் ஒண்டிகள் மழையாக விழுந்துகொண்டே இருக்கிறார்கள். எந்த இடத்திலும் நின்று, இதுவரை விருந்தாளி, இதற்கு மேல் வீட்டுக்காரி என்று ஒரு கோடு போட முடியாது.